பயத்தை வாய்விட்டுச் சொன்ன டாக்டரம்மா

நோயாளிக்கு முன்னால் நின்றுகொண்டு "எனக்குப் பயமா இருக்கு" என்று சொன்ன ஒரே ஒரு டாக்டரைத்தான் என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். கோபக்கார டாக்டர்களோடு இருந்திருக்கிறேன். தப்பு நடந்தால் அதை நர்ஸ் தலையில் தள்ளிவிட்டுப் போகிறவர்களோடும் இருந்திருக்கிறேன். பயந்தவர்களும் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். வாயைத் திறந்து சொன்னவர் இந்த ஒருவர்தான்.

சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். பெரியபட்டினத்துக்குப் பக்கத்தில், கடல் சத்தம் கேட்கிற தூரத்தில் நாலு கட்டில் போட்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நான் பரமக்குடிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி. கடலை அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன். நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதம் டாக்டரம்மா வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி, தோளில் ஊக்குக் குத்திய மெல்லிய நூல் சேலை. கை மட்டும் எப்போதும் ஜில்லென்று இருக்கும். சித்திரை வெயிலில்கூட அவர் நாடி பிடித்தால் நோயாளிகள் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொள்வார்கள். "பயத்துல இருக்கேன், அதான் குளிருது" என்பார். கேட்கிறவர்கள் வேடிக்கையாகச் சொல்கிறார் என்று சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

அந்த வார்த்தையை நான் முதலில் கேட்டது ஒரு மீன்முள் விஷயத்தில்.

சங்கு குளிக்கப் போகிற வள்ளத்தில் கயிறு பிடிக்கிற ஒருவர். நாற்பது வயது, ஆஜானுபாகுவான ஆள். தம்பி சங்கெடுக்கக் கடலுக்குள் மூழ்குவான், இவர் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மத்தியானம் சாப்பிடும்போது கெளுத்தி முள் ஒன்று அண்ணத்தில் ஏறிவிட்டது. வாயைத் திறந்தபடியே ஆஸ்பத்திரிக்குள் வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல் கடைவாய்ப் பல்லுக்கு உள்பக்கமாக, வெள்ளையாக நட்டுக்கொண்டு நிற்கிறது. இடுக்கியைக் கொடுத்தால் நானே பிடுங்கியிருப்பேன்.

டாக்டரம்மா பார்த்தார். டார்ச்சை அணைத்தார். "இந்த முள் நிக்கிற இடம் எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

நான் விறைத்துப்போனேன். அவர் மறுபடியும் குனிந்து பார்த்துவிட்டு, வெந்நீர் வைக்கச் சொன்னார். கட்டுப்போடுகிற காஸ் துணியை அடுக்கச் சொன்னார். தையல் ஊசியும் நூலும் கொதிக்கப் போட்டார். அரை மணி நேரம் அந்த மனுஷர் வாயைத் திறந்துகொண்டு எச்சில் வழிய உட்கார்ந்திருந்தார். எல்லாம் கைக்கு எட்டின பிறகு முள்ளைப் பிடித்து, வந்த வழியாகவே மெதுவாக இழுத்தார். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. அவ்வளவுதான்.

"இதுக்கா டாக்டரம்மா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" என்று அவர் சிரித்தார். "எங்க உம்மாவா இருந்தா வெரலால பிடுங்கிப் போட்டுட்டு வேலையப் பாத்திருக்கும்."

"அந்த இடத்துல ஒரு ரத்தக்குழாய் இருக்கு அண்ணே. முள்ளு அதுல ஏறியிருந்தா, எடுத்த உடனே பீச்சியிருக்கும். எனக்குத் தெரியல, அதான் பயந்தேன்."

"தெரியலன்னு சொல்றதுக்கு ஒரு டாக்டரா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். மறுநாள் டீக்கடையில் பேச்சு பரவிவிட்டது. பயந்தாங்கொள்ளி டாக்டர். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், வெளிநோயாளிகள் எல்லாம் போன பின், அவர் அறைக்குள் மருந்துப் பட்டியலை எடுத்துக்கொண்டு போனேன். மேஜைமேல் ஒரு மண்டையோடு இருந்தது. கீழ்த்தாடை இல்லை. படிக்கிற காலத்தில் வாங்கினதாம், பழைய சேலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அதன் துளைகளுக்குள் சிவப்பு நூல் கோத்துக்கொண்டிருந்தார். என் பின்னால் துடைப்பத்தோடு வந்த ஆயா, "யாத்தே!" என்று கத்திவிட்டு ஓடினவள்தான், அந்த அறையை அதற்குப் பிறகு நான்தான் பெருக்க வேண்டியிருந்தது.

"உக்காருங்க சிஸ்டர். நாக்கு நுனிய முன்பல்லுக்குப் பின்னால வச்சுப் பாருங்க" என்றார். "ஒரு சின்ன மேடு தட்டுதா?"

தட்டியது.

"அதுக்கு மேல எலும்புல ஒரு ஓட்டை இருக்கு. இந்தா, இது." மண்டையோட்டைக் கவிழ்த்துக் காட்டினார். கடைவாய்ப் பல்லுக்கு உள்பக்கம் இருந்த ஒரு துளையிலிருந்து சிவப்பு நூல் வெளியே வந்து, அண்ணத்தை ஒட்டியே முன்னால் ஓடி, முன்பல்லுக்குப் பின்னால் இருந்த துளைக்குள் ஏறி மூக்குக்குள் போயிருந்தது. "அன்னைக்கு முள்ளு நின்னது இந்தக் கடைவாய்த் துளைக்குப் பக்கத்துல. அண்ணத்துக்கு ரத்தம் கொண்டுவர்ற குழாய் அங்கதான் வெளிய வருது. வந்து, முன்னால ஓடி, திரும்பவும் மூக்குக்கே போயிடுது. மேலுதட்டுல இருந்து ஒண்ணு ஏறுது. கண்ணுப் பக்கத்துல இருந்து ரெண்டு இறங்குது. எல்லாம் மூக்குத் தண்டோட முன்பக்கத்துல வந்து கூடுது. பிள்ளைகளுக்கு வெயில்ல மூக்குல ரத்தம் வர்றது அங்க இருந்துதான். மூக்கைப் பிடிச்சா நின்னுடும். அதுக்கு நான் பயப்படமாட்டேன்."

பிறகு மண்டையோட்டைப் பக்கவாட்டில் திருப்பினார். கன்ன எலும்புக்குப் பின்னால், ஆழத்தில் ஒரு குறுகலான இடுக்கு. அங்கே நூல் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று கீழே அண்ணத்துக்கு. இன்னொன்று ஒரு துளை வழியாக மூக்கின் பின்பக்கத்துக்கு. அதற்கு அவர் சொன்ன பெயர், ஸ்ஃபீனோபாலட்டைன் என்பது, இன்றைக்கும் என் வாயில் சரியாக நுழைவதில்லை.

"இதுக்குத்தான் பயப்படுறேன். இது பின்னால இருக்கு. மூக்கை எவ்வளவு இறுக்கிப் பிடிச்சாலும் கைக்கு எட்டாது. முன்னால ரத்தம் வராம நின்னுபோன மாதிரி இருக்கும். பின்னால தொண்டைக்குள்ள இறங்கிட்டே இருக்கும். அந்த ஆளு முழுங்கிட்டே இருப்பான்."

அதோடு நிறுத்திக்கொள்வார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மீதியையும் சொன்னார். படிப்பு முடித்த முதல் வருஷம், வேறு ஒரு ஊரில், மூக்கில் ரத்தம் என்று ஒரு பெரியவரை மகள் கூட்டிவந்தாளாம். இவர் பத்து நிமிஷம் மூக்கைப் பிடித்தார். நின்றது. "பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் போகும்போதே பெரியவர் கறுப்பாக வாந்தி எடுத்து, ஊர் போய்ச் சேரும் முன்பே இறந்துபோனார். "அந்தப் பொண்ணு திரும்பி வந்து என்னைத் திட்டவே இல்ல சிஸ்டர். 'நீங்க பயப்படாதீங்கன்னு சொன்னீங்களேம்மா'ன்னு மட்டும் கேட்டுது. அதுக்கப்புறம் அந்த வார்த்தை எனக்கு வாயில வரமாட்டேங்குது. இருக்கிறதச் சொல்லிடுறேன்."

அவர் இருக்கிறதைச் சொன்னதால் எங்களுக்கு ஏற்பட்ட தொந்தரவு கொஞ்சமல்ல. பிரசவத்துக்கு வந்தவளிடம் "குழந்தை திரும்பியிருக்கு, எனக்குப் பயமா இருக்கு" என்பார். அவள் தாய் ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிடுவாள். காய்ச்சல் குழந்தையின் கழுத்தை மடக்கிப் பார்த்துவிட்டு அதையே சொல்வார். குழந்தையின் வாப்பா ஓடிப்போய் வண்டி பிடித்துக்கொண்டு வருவார், ராமநாதபுரம் கொண்டுபோவார்கள். சில சமயம் ஒன்றுமில்லாமல் திரும்பி வரும். அப்போது டீக்கடையில் இன்னொரு தடவை சிரிப்பு. ஒருமுறை மாவட்டத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்த அதிகாரி, எல்லாருக்கும் முன்னால் கேட்டார்: "நோயாளி எதிர்ல பயமா இருக்குன்னு சொல்றீங்களாமே, டாக்டர்?"

"ஆமா சார். இங்க ரத்தம் ஏத்த வசதி இல்ல. மயக்கம் குடுக்க ஆள் இல்ல. மழை வந்தா ரோடும் இல்ல. பயப்படாம இருக்கிறதுக்கு என்கிட்ட என்ன சார் இருக்கு?"

அதிகாரி நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். டாக்டரம்மாவை அடுத்த வருஷம் வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த மாற்றல் வருவதற்கு முன்னால்தான் அந்தச் சங்கு குளிக்கிற தம்பி வந்தான்.

காலை பத்து மணி இருக்கும். முற்றத்தில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், நாலைந்து பேர் ஒருவனைத் தாங்கிக்கொண்டு வருகிறார்கள். முன்னால் வருகிறவர் மீன்முள்காரர். தாங்கி வரப்படுகிறவன் அவர் தம்பி. இருபத்தைந்து வயது இருக்கும். உப்பேறின செம்பட்டை முடி. நெஞ்சு முழுக்க ரத்தம், இடுப்புத் துணி நனைந்து காலில் வழிகிறது. பின்னால் அவன் மனைவி, தலைத்துணி நழுவினதுகூடத் தெரியாமல் ஓடிவந்தாள்.

"ரெண்டு நாளா சளி. முங்கி ஏறும்போது கன்னமெல்லாம் வலிக்குதுன்னான். பாத்தா மூக்குல குபுகுபுன்னு ரெத்தம்" என்றார் அண்ணன்.

டாக்டரம்மா அவனை உட்காரவைத்து, முன்னால் குனியச் சொல்லி, மூக்கை இறுகப் பிடித்தார். நான் முதுகைத் தாங்கினேன். கால் மணி நேரம். கையை எடுத்தபோது மூக்கில் ரத்தம் இல்லை.

"நின்னுருச்சு. அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அண்ணன். "ஏலே, எந்திரி. வீட்டுல போய்ப் படு."

தம்பி எழுந்திருக்கப் பார்த்தான். அவன் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஏறி இறங்கியது. நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் பார்வை அந்தத் தொண்டைமேல்தான் இருந்தது.

"தம்பி, வாயைத் திற."

டார்ச்சை நான் பிடித்தேன். நாக்கை அழுத்தினார். உள்நாக்குக்குப் பின்னால், தொண்டையின் பின்சுவரில், விரல் பருமனுக்கு ரத்தம் பளபளவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா நிமிர்ந்தார். "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு" என்றார். "ரத்தம் நிக்கல. பின்னால இறங்குது. இவன் முழுங்கிட்டிருக்கான். இங்க இருந்து அனுப்பமாட்டேன்."

"முள்ளெடுக்கவே பயந்த ஆளு நீங்க" என்று அண்ணன் குரலை உயர்த்தினார். "எங்க ஆளுகளுக்கு மூக்குல ரெத்தம் வாரது புதுசா? பொம்பள பயமுறுத்துறான்னு நான் தம்பிய இங்கன போட்டுட்டுப் போக முடியாது. ஏலே, வாடா."

டாக்டரம்மா வாசல்படியில் போய் நின்றுகொண்டார். இரண்டு கையையும் நிலையில் வைத்துக்கொண்டார். அந்த ஆள் ஒரு தள்ளுத் தள்ளினால் முற்றத்தில் போய் விழுந்திருப்பார். "தள்ளிட்டுத்தான் போகணும்" என்றார்.

அந்த நேரத்தில்தான் தம்பி வாந்தி எடுத்தான். கட்டி கட்டியாகக் கறுப்பும் சிவப்புமாக, ஒரு சட்டி நிறையும் அளவுக்கு. தரையில் பரவி அண்ணனுடைய காலை நனைத்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தம்பியைக் கட்டிலில் உட்காரவைத்து, பின்னால் உட்கார்ந்து தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டார்.

டாக்டரம்மா வேலையை ஆரம்பித்தார். மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை மூக்கு வழியாகவிட்டு, தொண்டையில் நுனி தெரிந்ததும் இடுக்கியால் பிடித்து வாய் வழியாக வெளியே எடுத்தார். காஸ் துணியை உருண்டையாகச் சுருட்டி, பட்டு நூலால் அந்த நுனியில் கட்டினார். மூக்கு வழியாகக் குழாயைப் பின்னுக்கு இழுத்தால் அந்த உருண்டை வாய்க்குள் போய், அண்ணத்துக்குப் பின்னால் ஏறி, மூக்கின் பின்வாசலை அடைக்க வேண்டும். விரலை விட்டுத்தான் அதை மேலே தள்ள முடியும். விட்டார். அவன் குமட்டிக்கொண்டு பல்லைக் கடித்தான். டாக்டரம்மாவின் ஆள்காட்டி விரல் அவன் பல்லுக்கு நடுவே. அண்ணன் தாடையை விலக்கப் போராடினார். டாக்டரம்மா வலியில் முனகினாரே தவிர விரலை எடுக்கவில்லை. உருண்டை இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் எடுத்தார். நகத்துக்குக் கீழே எலும்புவரை பல் பதிந்திருந்தது. மூக்கின் முன்பக்கத்தையும் நீளத் துணியால் அடைத்தார்.

டார்ச் அடித்தோம். ரத்தம் குறைந்திருந்தது. ஆனால் நிற்கவில்லை. உருண்டையைச் சுற்றிக்கொண்டு கசிந்து இறங்கியது. அவன் உதடு வெளுத்துவிட்டது. நாடி நூலாக ஓடியது. கையில் உப்புநீர் ஏறிக்கொண்டிருந்தது. அதைத் தவிர எங்களிடம் ஏற்ற எதுவும் இல்லை. கருவாடு ஏற்ற நின்றிருந்த ஒரு லாரியைக் கூட்டிவர ஆயா ஓடியிருந்தாள்.

"இப்படியே லாரில ஏத்தினா ராமநாதபுரம்கூடத் தாங்கமாட்டான்" என்று என் காதருகே சொன்னார் டாக்டரம்மா. அறைக்குள் போய் மண்டையோட்டை எடுத்துவந்தார். துணியை உதறிவிட்டு எல்லாருக்கும் முன்னால் மேஜைமேல் வைத்தார். அண்ணன், "யா அல்லா" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நூலை உருவிப் போட்டார். கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்துத் துளையில் ஒரு நீள ஊசியைச் செருகினார். பக்கவாட்டு இடுக்கில் ஊசி முனை எட்டிப் பார்க்கும்வரை தள்ளி, அந்த அளவில் ஊசியை இடுக்கியால் வளைத்தார். அதே அளவுக்கு இன்னோர் ஊசியை வளைத்துக் கொதிக்கப் போட்டார். பிறகு அவன் மனைவி பக்கம் திரும்பினார்.

"அண்ணத்துல ஒரு துளை வழியா, ரத்தக்குழாய் பிரியிற இடத்துக்கு மருந்து போடப் போறேன். மரத்துப்போற மருந்தும், குழாயைச் சுருக்குற மருந்தும். சுருங்கினா ரத்தம் நிக்கும். ஆனா அந்த இடத்துக்கு மேல கண்ணு இருக்கு. ஊசி கொஞ்சம் ஆழமாப் போனா கண்ணு போயிடலாம். இதைப் பல் டாக்டருங்க போடுவாங்க. நான் ஒருதடவைகூடப் போட்டதில்ல."

"நீங்க பயப்படுறீகளா?" என்று அவள் கேட்டாள். பத்தொன்பது வயதுகூட இருக்காது.

"ஆமாம்மா. ரொம்ப."

அவள் கணவனைப் பார்த்தாள், பிறகு அவனைத் தாங்கிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தாள். "பெரிய மச்சான், இவுக பொய் சொல்லமாட்டாக. போடச் சொல்லுங்க."

அவர் தலையை ஆட்டினார்.

நான் வெளிச்சம் பிடித்தேன். கடிபட்ட விரலைத் துணியில் சுற்றிக்கொண்டு, நடுவிரலால் அண்ணத்தைத் தடவித் துளையின் பள்ளத்தைத் தேடினார். அவர் வாய் எதையோ முணுமுணுத்தபடியே இருந்தது. ஜெபம் என்று நினைத்தேன், உற்றுக் கேட்டால் அந்த ரத்தக்குழாய்களின் பெயர்கள். ஊசி இறங்கியது. வளைவு அண்ணத்தைத் தொட்டது. சிரிஞ்சின் தண்டைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தார், ரத்தம் வரவில்லை. மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்.

ஊசியை எடுத்த பிறகு எல்லாரும் அவன் கழுத்தையே பார்த்தோம். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். தொண்டைக்குழி ஏறவில்லை. டார்ச் அடித்தேன். பின்சுவரில் பழைய ரத்தம் ஒட்டிக்கொண்டிருந்தது. புதிதாக ஒன்றும் இறங்கவில்லை. அவன் மனைவி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அப்போது அவன் அடைபட்ட மூக்கோடு, வார்த்தை சிதைய, "டாக்டரம்மா... ரெண்டு பேரா நிக்கிறீக" என்றான்.

டாக்டரம்மாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். "எல்லாமே ரெண்டாத் தெரியுதா?"

தலையை ஆட்டினான்.

"நான் போட்ட ஊசிதான்" என்றார் எல்லாரும் கேட்கும்படி. "மருந்து கண்ணுப் பக்கம் ஏறியிருக்கு. சரியாகலாம். ஆகாமலும் போகலாம். எனக்குத் தெரியல."

அண்ணன் எழுந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்து நான் குறுக்கே போனேன். அவர் என்னைத் தாண்டிப் போய்த் தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "லாரி வந்துருச்சு. ஏறுங்க டாக்டரம்மா" என்றார்.

கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில் சாக்கு விரித்து அவனைச் சாய்த்து உட்காரவைத்தோம். உப்புநீர்ப் புட்டியை நான் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். நாற்றம் தலையைச் சுற்றியது. மணல் ரோட்டில் லாரி குலுங்கும்போதெல்லாம் உருண்டை நகர்ந்துவிடுமோ என்று அவன் தொண்டைக்குழியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். டாக்டரம்மா அவன் எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கையால் நாடி பிடித்தபடி, மறு கையில் ஒரு விரலைக் காட்டினார். "எத்தனை?"

அவன் இரண்டு விரலைக் காட்டினான்.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி. இரண்டு. பனைகளைத் தாண்டினோம், ஊருணியைத் தாண்டினோம், ஒவ்வோர் ஊர் முகப்பிலும் கேட்டார். இரண்டு. இரண்டு. அண்ணன் உதடு அசைய ஓதிக்கொண்டே வந்தார். டாக்டரம்மாவின் சுற்றின விரல் வீங்கித் துணியை மீறிக்கொண்டு நின்றது. அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. ராமநாதபுரம் ரயில்வே கேட்டில் லாரி நின்றபோது கேட்டார். அவன் வெகுநேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். ஒரு கண்ணை மூடவில்லை. இரண்டு கண்ணாலும்தான் பார்த்தான். பிறகு ஒரு விரலை மட்டும் உயர்த்தினான்.

டாக்டரம்மா நம்பவில்லை. கையை மாற்றி மூன்று காட்டினார். மூன்று. ஐந்து காட்டினார். ஐந்து. லாரிப் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டு, கேட் திறக்கும்வரை நிமிரவே இல்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள், அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். நாலாம் நாள் உருண்டையை எடுத்தார்கள். அவன் பிழைத்தான். டாக்டரம்மாவின் விரல் சீழ்வைத்து, ஆறின பிறகும் மடங்கவில்லை. தையல் முடிச்சு போட என்னைக் கூப்பிடுவார்.

ஒரு மாதம் கழித்து அண்ணனும் தம்பியும் அவன் மனைவியும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். முற்றம் நிறைய ஆள். டாக்டரம்மா அவன் மூக்கையும் தொண்டையையும் பார்த்தார். ஆறியிருக்கிறது என்றார்.

"அப்ப முங்கப் போகலாம்ல?" என்று அண்ணன் கேட்டார். "சங்குக் குளிப்பு நடந்துகிட்டு இருக்கு."

டாக்டரம்மா தயங்கினார். "சளி இல்லாம இருந்தாப் போகலாம்னுதான் புத்தகம் சொல்லும். எனக்குப் பயமா இருக்கு. ஆனா அது என் பயம். தம்பி சொல்லட்டும்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வள்ளத்துக் கூட்டாளிகள் இரண்டு பேர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் சிரித்தான்.

"எனக்கும் பயமா இருக்கு காக்கா" என்றான் தம்பி, அண்ணனிடம். "அன்னைக்கும் பயமாத்தான் இருந்துச்சு. தலையெல்லாம் கனமா இருந்துச்சு, முங்கினாச் செத்துருவேன்னு தோணுச்சு. ஒங்ககிட்டச் சொல்ல வெக்கமாப் போச்சு."

அவன் மனைவி தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலில் சிரித்தவன் சிரிப்பை நிறுத்தினான். அண்ணன் தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெரிய உடம்பு மெல்ல மெல்லச் சுருங்கிப்போவதுபோல எனக்குத் தெரிந்தது. அவர் கைகள், பதினைந்து வருஷமாகக் கயிறு பிடித்துக் காய்த்துப்போன கைகள், என்ன செய்வதென்று தெரியாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

"சொல்லியிருக்கலாம்லடா" என்றார். பிறகு, "சரி. இனிமே நீ கயிறு பிடி" என்றார்.

மூன்று பேரும் வெளியே போனார்கள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.